தெரிந்த முகம் ஆகாது

என் வீட்டுக்காரர் தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுப்பவர். பிழைப்புக்கு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அதைப் பற்றி யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். "நான் தெருப் புகைப்படக் கலைஞன்" என்றுதான் சொல்லிக்கொள்வார். கல்யாணத்தில் படம் எடுப்பவர்களையும் பாஸ்போர்ட் படம் எடுப்பவர்களையும் அவர் கண்ணில் காட்டக் கூடாது. அவர்கள் எல்லாம் கேட்டுவிட்டு எடுக்கிறார்களாம். இவர் கேட்காமல் எடுக்கிறார். அதுதான் கலையாம்.

கேட்காமல் எடுப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். கேமராவைக் கழுத்தில் மாட்டித் தொப்பைமேல் சாய்த்து வைத்துக்கொள்வார். அந்தத் தொப்பை ஒரு உபயோகத்துக்கு வந்தது என்றால் அது இதற்கு மட்டும்தான். தூரத்தை முன்பே குறித்து வைத்துவிடுவதால் கேமராவுக்குள் பார்க்கவே மாட்டார். ஏதோ விலாசம் தேடுகிறவர் மாதிரி எதிர்க் கட்டடத்தின் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே விரலால் மட்டும் அமுக்குவார். மேலே என்னமோ இருக்கிறது போல என்று எதிரே வருகிறவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் எடுத்த படங்களில் பாதிப் பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான். அவருடைய சங்கத்தில் அதற்கு 'மனிதனின் நம்பிக்கை' என்று தலைப்பு எழுதி மாட்டினார்கள்.

அந்தச் சங்கத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். எல்லோருக்கும் முன்னும் பின்னும் பை வைத்துத் தைத்த ஒரே மாதிரிச் சட்டை. அந்தப் பைகளில் எல்லாம் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது துவைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். நான் துவைக்கிறவள், சொல்கிறேன்: ஒன்றும் கிடையாது. தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். இவர்கள் 'வாழ்க்கை' என்ற சொல்லைச் செலவழிக்கிற மாதிரி வேறு யாரும் செலவழித்து நான் பார்த்ததில்லை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவர் தும்மினால் அது வாழ்க்கை. மூட்டை தூக்குகிறவர் உட்கார்ந்தால் வாழ்க்கை, எழுந்து நின்றால் போராட்டம். அவர் முதுகு வலிக்கு மருந்து போட்டாரா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டால் தருணம் கலைந்துவிடும்.

சங்கத்துக்கு விதிகள் உண்டு. நிறம் கூடாது, எல்லாம் கறுப்பு வெள்ளைதான். கேட்டு எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய விதி, தெரிந்த முகம் ஆகாது. மனைவி, மக்கள், அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் யார் படத்தையும் கண்காட்சியில் வைக்க முடியாது. தெரிந்தவர்கள் என்றால் சொல்லி வைத்து நடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று சந்தேகம். தன் தம்பியைப் பேப்பர் படிக்கச் சொல்லிப் படம் எடுத்த ஒருவரைச் சங்கத்தை விட்டே நீக்கினார்கள். இப்போதும் அவரைப் பற்றிப் பேசும்போது செத்துப்போனவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் என்னை நிறைய எடுத்தார். அடுப்படியில், மாடிப்படியில், தலை துவட்டும்போது. பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "உன் முகம் எனக்குப் பழகிப்போச்சு. அதுல புதுசா என்ன இருக்கு?" என்றார். வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு வலித்தது. வலித்தது என்று சொல்லத் தோன்றவில்லை.

என் வேலை வேறு மாதிரி. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவசர அழைப்பு அறையில் இருக்கிறேன். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்குவார்கள். அந்தக் குரல் என் காதுக்கு வரும். "கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பியாச்சு. உக்காந்துக்குங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பிப்பேன். மெக்கானிக் போய்ச் சேருகிற வரை பேச்சு அறுபடக் கூடாது. யார் மயங்கி விழப்போகிறார்கள், யார் பயத்தை மறைக்கத் திட்டுகிறார்கள் என்பது மூச்சிலேயே தெரிந்துவிடும். ஒருவரின் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

கம்பெனி இன்னொரு ஊரில் புதிதாக ஒரு அழைப்பு அறை தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்குப் பொறுப்பாளர் வேண்டும். ஆட்களைப் பிடித்து, பழக்கி, அறையை நடத்த வேண்டும். எனக்கு மேலே இருந்தவர்களும் போட்டியில் இருந்ததால், கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே நானும் எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்குப் போய் வந்ததைக்கூட வீட்டில் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது மேலாளர் ஃபோனில் கூப்பிட்டார்.

"மேடம், உங்களைத்தான் போட்டிருக்காங்க."

"யாரை சார்?"

"உங்களைத்தாங்க! இன்னொரு விஷயம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. போன வருஷம் எட்டாவது மாடிக்கும் ஒம்பதாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு அம்மா அம்மான்னு அழுதாரே ஒருத்தர், ஞாபகம் இருக்கா? அவர்தான் இன்டர்வியூ கமிட்டித் தலைவர். உங்க குரலைக் கேட்டதுமே கண்டுபிடிச்சுட்டாராம்."

நேர்முகத்தில் எனக்கு எதிரே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. வயிறு வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இவரிடம் சொல்ல வேண்டும் என்று செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பதறிப்போய்த் திரையை அணைத்தார். சங்கத்தின் இன்னொரு வழக்கம் அது, கண்காட்சிக்கு முன்னால் படத்தை யாரும் பார்க்கக் கூடாது.

"இரு இரு, கிட்ட வராத. இன்னிக்கு ஒண்ணு மாட்டியிருக்கு. வாழ்க்கையில ஒரு தடவைதான் இப்படி மாட்டும்."

"எனக்கும் ஒரு விஷயம் இருக்கு. ஆபீஸ்ல..."

"அப்புறம் சொல்லு. இப்ப இந்த மூடைக் கலைச்சுடாத."

கலைக்கவில்லை. போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

சாப்பிடும்போது சொன்னேன். பக்கத்தில் மாமியாரும் இருந்தார். ஊர்ப் பெயரைக் கேட்டதும் இவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அந்த ஊரா? அங்க தெருவே கிடையாதே. எல்லாம் கண்ணாடிக் கட்டடம். வெளிச்சம் செத்த ஊரு. அங்க போய் நான் என்னத்த எடுக்கறது?"

"வேலை எனக்குங்க. உங்க கம்பெனிக்கும் அங்க கிளை இருக்கு. மாத்தல் கேட்டா கிடைக்கும்."

"கண்காட்சி முடியட்டும், பாக்கலாம். இப்ப என் மண்டையில எதுவும் ஏறாது."

மாமியார் மட்டும் என் பக்கம் திரும்பி, "லிஃப்ட் இருக்கற வீடாப் பாரும்மா. எனக்கு முட்டி வலி" என்றார். அந்த வீட்டில் என் வேலைக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான்.

மேலாளரிடம் அவகாசம் கேட்டேன். கண்காட்சி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும், திங்கட்கிழமை அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றார். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லத்தான் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தேன். இவருக்குத் தன் சாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. இதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்பவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. அதோடு ஒரு நப்பாசையும் இருந்தது. கண்காட்சி முடிந்த பிறகாவது இந்த மனிதர் என் பக்கம் திரும்பி, என்னமோ சொன்னியே, என்ன அது என்று கேட்பார் என்று நினைத்தேன்.

கண்காட்சி நூலகத்தின் மாடி அறையில். சுவர் முழுக்கப் படங்கள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணி. வாசல் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு என்னை ஜூஸ் ஊற்ற நிறுத்தியிருந்தார்கள். சங்கத்தார் மனைவிமார் எல்லோருக்கும் ஏதாவது ஒரு மேஜை உண்டு. இவர் புதுச் சட்டை போட்டு, தாடியை ஒழுங்கு செய்துகொண்டு, வருகிறவர்களிடம் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தலைச் சாய்ப்பு வீட்டில் கிடையாது, வெளியிலிருந்து ஆள் வந்தால்தான் வரும். அந்த வருஷத்தின் சிறந்த படமாக இவருடையதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது நடுச் சுவரில், கதவு அளவுக்குப் பெரிதாக இருந்தது.

பல் டாக்டர் துணியை இழுத்தார். அந்தப் படத்தில் நான் இருந்தேன்.

பஸ் ஸ்டாப்பின் கம்பிக்குப் பக்கத்தில், கையில் கண்ணாடி, காதில் ஃபோன், தலை பின்னால் சாய்ந்து, வாய் முழுக்கச் சிரிப்பு. நான் ஊற்றிக்கொண்டிருந்த ஜூஸ் குவளை நிரம்பிக் கையில் வழிந்தது. இவர் என்னைப் பார்த்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. தெருவில் என்னைப் பார்த்து, எடுத்து, இத்தனை நாள் வாயைத் திறக்காமல் வைத்திருந்து, விதியையும் மீறி ஊர் முன்னால் மாட்டியிருக்கிறார். இந்த மனிதரைப் போய் எவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டோம் என்று என்மேலேயே வெட்கம் வந்தது. வேலையும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது."

கூட்டம் தலையாட்டியது.

"தெரியவும் வேண்டாம். எங்க சங்கத்துல தெரிஞ்ச முகம் ஆகாது. ஆனா இந்தச் சிரிப்பைப் பாருங்க. இது வீட்டுக்குள்ள கிடைக்காதுங்க. நாலு சுவத்துக்குள்ள இருக்கற பொம்பளைங்களுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியாது. இதைத் தேடித்தான் நாங்க தெருவுக்கு வர்றோம்."

கை தட்டினார்கள். படத்துக்குக் கீழே 'விடுதலை' என்று எழுதியிருந்தது. நான் குவளையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுகூட வரவில்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு அருவருப்புதான் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். மேலே பார்க்கவில்லை, கீழே குனிந்து பார்த்தார்.

"டேய், இது நம்ம மருமகடா."

"அம்மா, சும்மா இரு."

"காலைப் பாருடா. குதிகாலைச் செருப்புக்கு வெளிய விட்டுட்டு நிக்கறா. உன் பொண்டாட்டியைத் தவிர வேற யாரு இப்படி நிப்பா?"

இவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். "அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணணும்" என்றார். பிறகு மாமியார் காதருகே குனிந்து, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "இவ எங்க இப்படிச் சிரிப்பா?" என்றார்.

பார்க்க வந்த ஒரு பெண் கேட்டாள், "சார், அப்புறம் அவங்களைத் தேடிப் பாத்தீங்களா? எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கத் தோணலையா?"

"தேடக் கூடாதும்மா. தெரிஞ்சுட்டா ரகசியம் போயிடும்."

"அவளுக்கு அன்னிக்கு வேலை கிடைச்சுது. வேற ஊர்ல, பெரிய வேலை. அதான் சிரிச்சா" என்று மேஜைக்குப் பின்னாலிருந்து நான் சொன்னேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். பெருமையாக!

"என் வைஃப். என்கூட இருந்து இருந்து அவளுக்கும் கற்பனை வந்துடுச்சு."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், மேஜையைப் பிடித்துக்கொண்டேன், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, அந்த அறையே அதிரும்படி சிரித்தேன். "ஏய், மெதுவா. பெரிய மனுஷங்கெல்லாம் இருக்காங்க" என்று இவர் பல்லைக் கடித்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி படத்தைப் பார்த்தார்கள். பல் டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், கொஞ்சம் அப்படியே வாயைத் திறந்து வைங்க."

வைத்தேன். குனிந்து பார்த்தார். அவர் கை சட்டைப் பையில் எதையோ தேடியது, பழக்கம் போல. பிறகு படத்தின் முன்னால் போய் நின்று அதன் வாயையும் பார்த்தார்.

"மேல் வரிசையில மூணாவது பல்லு, பக்கத்துப் பல்லு மேல ஏறியிருக்கு. அதேதான். ரெண்டும் ஒரே வாய்."

இவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெள்ள மெள்ள அவர் முகம் வெளுத்தது. இப்போது இந்த மனிதர் என்னிடம் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றேன். அட, நீயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நேரத்திலும் அதற்கு மயங்கியிருப்பேன், என் புத்தி அப்படி.

அவர் பல் டாக்டர் பக்கம் பாய்ந்தார்.

"சார், எனக்கு சத்தியமா தெரியாது சார்!"

"விதி விதிதான். தெரிஞ்ச முகம் ஆகாது. சொந்த மனைவின்னா..."

"அதைத்தான் சார் சொல்றேன், எனக்கு இவளைத் தெரியலையே! எடுத்தப்பத் தெரியல, பொறுக்கினப்பத் தெரியல. ராத்திரி பகலா இந்த முகத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன், அப்பவும் தெரியல. இதோ, பெத்த தாய் சொல்லியே எனக்குத் தெரியல, எல்லாரும் கேட்டீங்க! இது எப்படி சார் தெரிஞ்ச முகம் ஆகும்?"

சங்கத்தின் கமிட்டி உறுப்பினர்கள் ஒரு மூலையில் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். பைகள் வைத்த சட்டைகள் ஒன்றோடொன்று உரசின. ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பல் டாக்டர் சொன்னார், "உங்க வாதத்துல நியாயம் இருக்கு. எடுத்தவருக்குத் தெரியலங்கறதை ஒத்துக்கறோம். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா? கேமராவைப் பாத்து நடிச்சிருந்தா?"

இவர் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தார். வேர்த்துக் கொட்டியது.

"சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு. அன்னிக்கு நீ என்னைப் பாத்தியா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நான் எதிர்ப்பக்கம்தான் நின்னேன். என்னைப் பாத்துட்டா அப்படிச் சிரிச்ச?"

"உங்களைப் பாத்திருந்தா நான் ஏங்க அப்படிச் சிரிக்கப் போறேன்?"

"அப்பாடா!" என்றார். நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட்டீங்களா சார்? அவளே சொல்றா! என்னைப் பாத்திருந்தா சிரிச்சிருக்கவே மாட்டாளாம்!"

கமிட்டி ஏற்றுக்கொண்டது. யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். எதுக்குச் சிரிச்சாங்க என்று கேட்ட பெண் மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் நாற்காலியில் போய் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

நான் படியிறங்கித் தெருவுக்கு வந்து மேலாளருக்கு ஃபோன் போட்டேன்.

"வர்றேன் சார். என்னைக்குச் சேரணும்னு சொல்லுங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம். வீட்ல பேசிட்டீங்களா? சார் என்ன சொன்னார்?"

"அப்பாடான்னாரு சார்."